புதுப்பித்தல் என்ற பெயரில் இடித்தல்

'புனரமைப்பு' என்ற சொல்லுக்கு நமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் புதியதோர் அர்த்தம் கொடுத்துவிட்டன. ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். புனரமைப்பு என்றால் இருப்பதைச் சீராக்கி மீண்டும் நிலைநிறுத்துவது. ஓடு உடைந்தால் ஓடு மாற்றுவது, வளை உளுத்துப்போனால் அந்த வளையை மட்டும் கழற்றிப் புதியது வைப்பது, சுவரில் பூச்சு உதிர்ந்தால் அதே சுண்ணாம்பைக் கொண்டு திரும்பப் பூசுவது. ஆனால், கண்டியைச் சூழவுள்ள நமது கிராமங்களில் 'பள்ளிவாசல் புனரமைப்பு நிதி' என்று ரசீதுப் புத்தகம் அச்சாகி வந்துவிட்டால், அதற்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான். நமது பாட்டன்மார் கட்டிய பள்ளி இடிக்கப்படப் போகிறது.

அக்குறணை தொடங்கி மடவளை, உடதலவின்னை, கெலிஓயா, கம்பளை வரை எழுபது வயதைத் தாண்டிய யாரையும் கேட்டுப் பாருங்கள். தாம் சிறு பிராயத்தில் ஓதிய பள்ளி எப்படியிருந்தது என்று சொல்வார்கள். கருங்கல் அத்திவாரம், கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய தடித்த சுவர், மேலே செங்குத்தாகத் தொடங்கி, கீழே சரிவு தணிந்து விறாந்தைக்கு மேலாக இறங்கும் ஓட்டுக் கூரை, பலா மரத் தூண்கள், பக்கத்தில் பாசி படர்ந்த ஹௌழ். இவற்றில் இன்று எத்தனை எஞ்சியிருக்கின்றன? எஞ்சியிருப்பவற்றில் எத்தனைக்கு வரைபடம் ஏற்கனவே தயாராகிவிட்டது? நாலு மாடி, கண்ணாடி யன்னல், வெள்ளை டைல்ஸ், பச்சைக் குவிமாடம், இரண்டு மினாரா. ஊர் எதுவானாலும் வரைபடம் ஒன்றுதான்.

இதைக் கண்டித்துத்தான் எழுதுகிறேன். புதிய பள்ளிவாசல் கட்டுவதை நான் எதிர்க்கவில்லை. பள்ளியே இல்லாத இடத்தில் பள்ளி கட்டுவது நன்மையான காரியம். நன்றாக நின்றுகொண்டிருக்கும், பழுது பார்த்தால் இன்னும் நூறு வருடம் நிற்கக்கூடிய பள்ளியையும் மத்ரஸாவையும் இடிப்பதைத்தான் எதிர்க்கிறேன். நிர்வாகத்தில் உள்ளோர் இதற்குச் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

'அது விகாரை மாதிரி இருக்கிறது'

கூட்டங்களில் முதலில் எழும் குரல் இதுதான். கண்டிப் பாணிக் கூரை பௌத்தர்களுடையது, பள்ளிவாசல் பள்ளிவாசலைப் போல இருக்க வேண்டும் என்பார்கள்.

பள்ளிவாசல் எதைப் போல இருக்க வேண்டும்? மதீனாவில் மஸ்ஜிதுந் நபவி முதன்முதலாகக் கட்டப்பட்டபோது சுவர் வெயிலில் காய்ந்த மண்கல், தூண் பேரீச்ச மரம், கூரை பேரீச்ச ஓலை. மழை பெய்து கூரை ஒழுகி, நபி (ஸல்) அவர்கள் ஈர மண்ணில் ஸுஜூது செய்த செய்தி புகாரியில் இருக்கிறது. அங்கே குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. அந்த ஊரில் கிடைத்த மண்ணும் மரமுமே இருந்தன. குவிமாடம் ரோமரும் பைஸாந்தியரும் முன்பே கட்டி வந்த வடிவம். ஜெரூஸலத்தில் குப்பதுஸ் ஸஹ்ரா எழுந்தது ஹிஜ்ரி 72இல், அதாவது கி.பி. 691-692 அளவில்தான். முஸ்லிம்கள் போன இடமெல்லாம் அந்த இடத்துக் கட்டடக் கலையைக் கையிலெடுத்தார்கள். மாலி நாட்டில் ஜென்னே பெரிய பள்ளிவாசல் முழுவதும் மண்ணால் ஆனது. ஆண்டுதோறும் ஊரே திரண்டு அதற்கு மண் பூசுகிறது. ஜாவாவில் தெமாக் பள்ளிவாசலின் கூரை மூன்றடுக்கு. சீனாவில் ஸியான் பெரிய பள்ளிவாசலைப் பார்ப்பவர் அதைச் சீனக் கோயில் என்றே எண்ணுவார். நம்மோடு மொழியால் உறவான கீழக்கரையில் பழைய ஜும்ஆப் பள்ளியின் கற்றூண்கள் தமிழ்நாட்டுச் சிற்பிகளின் மரபில் செதுக்கப்பட்டவை. இவையெல்லாம் பள்ளிவாசல்கள் இல்லையா?

இனி, கண்டிப் பாணி ஒரு சமூகத்துக்கு மட்டுமே சொந்தமா என்று பார்ப்போம். கண்டியிலிருந்து சில மைல் தூரத்தில் மூன்று பழைய கட்டடங்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்கிறோம், ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்ப்பதில்லை. கடலாதெனிய விகாரை 1344இல் கட்டப்பட்ட கற்கட்டடம். அதைக் கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராச்சாரி, தென்னிந்திய மரபினர். அதே காலத்தில் எழுந்த லங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் வெட்டப்பட்டிருக்கிறது. எம்பெக்க தேவாலயத்தின் மரத்தூண்களை உலகமே வந்து பார்க்கிறது. அங்கே கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒரே ஒரு மர முளையில் கோக்கப்பட்டு நிற்கின்றன. 'மடொல் குருபாவ' என்பது அதன் பெயர். கண்டி நகரிலே பத்திரிப்புவவையும் வாவியையும் அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. கண்டிக் கட்டடக் கலையென்று நாம் ஒதுக்குவது பல கைகள் சேர்ந்து வளர்த்த கலை. கண்டி அரசில் மடிகே பகுதியின் சுமைமாடுகளை ஓட்டியும் அரண்மனைக்கு வைத்தியம் பார்த்தும் வாழ்ந்த நமது முன்னோர், தமது பள்ளிக்கும் அந்த ஊரின் கூரையையே போட்டார்கள். அப்படிப் போட்டதால் அவர்களது ஈமானில் ஏதும் குறைந்துவிட்டதா?

நம்மைவிடப் பிந்தி வந்தவர்களுக்கு இந்தத் தயக்கம் இருக்கவில்லை. திரித்துவக் கல்லூரியின் தேவாலயத்தைப் பாருங்கள். 1923இல் அடிக்கல் நாட்டி 1935இல் திறந்துவைத்தார்கள். அதை வரைந்தவர் அக்கல்லூரியின் ஆங்கிலேயப் பாதிரியார் எல். ஜே. காஸ்டர். அவர் இங்கிலாந்தின் கூம்புக் கோபுரத்தைக் கொண்டுவந்து கண்டியில் நடவில்லை. கண்டி அரசரின் மகுல் மடுவையை மாதிரியாக எடுத்து, உள்ளூர்க் கருங்கல்லில் தூண்கள் செதுக்கி, நாற்புறமும் திறந்த மண்டபமாகக் கட்டினார். உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்களில் வரும் மரங்களும் மனிதர்களும்கூட இந்த மண்ணுக்குரியவை. அந்தத் தேவாலயத்தில் வணங்கியவர்கள் பௌத்தர்களாகிவிட்டார்கள் என்று இன்றுவரை எவரும் சொன்னதில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கட்டடங்களும் அப்படியே. ஷேர்லி டி அல்விஸ் அமைத்த அந்தக் கூரைகள் ஹந்தானை மலையின் கீழே அந்நியமாகத் தெரிவதில்லை. பல்கலைக்கழகம் கண்டிப் பக்கமே அமைய வேண்டுமென்று வாதாடியவர்களில் ஒருவர் நமது நீதிபதி எம். ரி. அக்பர். அவர் பெயரில் அங்கே மாணவர் விடுதியொன்று இருக்கிறது. கற்றவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்திய கூரை நமக்கு மட்டும் பொருந்தாமற் போவது ஏன்?

'சீமெந்துதான் உறுதி'

இரண்டாவது நியாயம் உறுதி பற்றியது. சீமெந்து பலமானது, சுண்ணாம்பு பழைய காலத்துச் சாமான் என்கிறார்கள். இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் தேவைப்படுகிறது. சாதாரண தரத்தில் படித்த அளவே போதும்.

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டால் அதிலிருந்து காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. சுட்ட கல்லுக்கு நீர் விட்டால் கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல எடுத்துத் திரும்பவும் கல்லாகிறது. இப்படிப் பூசிய சுவருக்கு நுண்ணிய துவாரங்கள் உண்டு. நிலத்திலிருந்து மேலேறும் ஈரமும் மழையில் நனைந்த ஈரமும் வெயில் வந்ததும் அவற்றின் வழியே வெளியேறிவிடும். கண்டியைப் போல வருடத்தின் பெரும்பகுதி மழை பெய்யும் மலைநாட்டில் சுவருக்கு வேண்டிய முதற்குணம் இதுதான்.

இப்போது அதே பழைய சுவருக்குச் சீமெந்து பூசுகிறோம். மேலே எண்ணெய்ப் பெயின்றும் அடிக்கிறோம். நிலத்தடி ஈரம் வழமைபோல ஏறுகிறது, ஆனால் வெளியேற வழியில்லை. பூச்சுக்குப் பின்னே தங்கி, உப்பைக் கொண்டுவந்து சேர்க்கிறது. இரண்டு மழைக்காலத்தில் பெயின்ற் கொப்புளிக்கிறது, மூன்றாவதில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. மண் கரைகிறது, உள்ளேயிருக்கும் மரம் உக்கிப்போகிறது. அப்போது நிர்வாகம் கூடிப் பேசுகிறது: "பாருங்கள், சுவர் பழுதாகிவிட்டது, இனி இடிக்கத்தான் வேண்டும்." சுவருக்கு வந்தது வயோதிபம் என்று நினைக்கிறோம், நாம் போர்த்திய சீமெந்துதான் அதற்கு நோயாக வந்தது.

கொங்கிரீட்டின் கதையும் அப்படித்தான். கொங்கிரீட் தட்டிலும் குவிமாடத்திலும் மயிரிழை போல வெடிப்பு விழுவது சகஜம். அதனூடாக நீர் இறங்கினால் உள்ளேயிருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு பிடித்த கம்பி பருமனில் பெருக்கும். பெருத்த கம்பி கொங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு உடைந்தால் ஏணி வைத்து ஏறி ஓர் ஓட்டை மாற்றலாம். குவிமாடம் ஒழுகத் தொடங்கினால் எந்த ஓட்டை மாற்றுவது?

மலைச்சரிவில் இருக்கும் நமக்கு இன்னொன்றும் முக்கியம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைகள் எத்தனை இடங்களில் சரிந்தன என்பதை நாம் கண்டோம். "அதனால்தான் கொங்கிரீட் வேண்டும்" என்று சிலர் சொல்கிறார்கள். மலை சரியும்போது மண்வீடு, மாடிவீடு என்று பார்த்துச் சரிவதில்லை. பார்க்க வேண்டியது நிலம் உறுதியானதா, மழைநீர் வழிந்தோட இடம் விட்டிருக்கிறோமா என்பதைத்தான். நமது முன்னோர் மலையின் வடிவத்துக்கு ஏற்பப் படிப்படியாகக் கட்டினார்கள். நாம் நாலு மாடி எழுப்புவதற்காகப் பள்ளியின் பின்புறத்து மலையைச் செங்குத்தாக வெட்டுகிறோம். வெட்டிய இடத்தில் பெரும் பாரத்தை ஏற்றுகிறோம். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் சிபாரிசைப் பெறாமல் சரிவில் கைவைப்பது, தொழ வருபவரின் உயிரோடு விளையாடுவதாகும்.

'இடம் போதாது'

மூன்றாவது நியாயத்தை நான் மதிக்கிறேன். ஊர் பெருகிவிட்டது. ஜும்ஆவுக்கு வருபவர்கள் வீதியில் நிற்கிறார்கள். பெண்களுக்கு இடமில்லை. இவை உண்மை. ஆனால் இடம் போதாமை இடிப்பதற்குக் காரணமாகாது, விரிப்பதற்குத்தான் காரணமாகும்.

கேரளத்தில் கொடுங்கல்லூர் சேரமான் ஜும்ஆப் பள்ளியைச் சான்றாகச் சொல்கிறேன். கி.பி. 629இல் கட்டப்பட்டதாக மரபு சொல்லும் பள்ளி அது. அங்கேயும் நம்மைப் போலவே இடம் போதவில்லை என்று 1974இல் பழைய முகப்பை மாற்றிக் கொங்கிரீட்டில் விரிவாக்கினார்கள்; குவிமாடமும் மினாராவும் வைத்தார்கள். பின்னரும் விரிவாக்கங்கள் நடந்தன. நல்லவேளையாக நடுவிலிருந்த பழைய தொழுகையிடத்தை விட்டுவைத்திருந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் ஜமாஅத்தார் வேறொரு முடிவுக்கு வந்தார்கள். முசிறி மரபுரிமைத் திட்டத்தின் கீழ், 1974க்குப் பின் சேர்த்த கொங்கிரீட்டை அகற்றி, மரமும் ஓடும் கொண்ட பழைய கேரளத் தோற்றத்தைப் பள்ளிக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். பெருகிய கூட்டத்துக்கு நிலத்துக்குக் கீழே விசாலமான தொழுகை மண்டபம் அமைத்தார்கள். பழையதும் இருக்கிறது, இடமும் இருக்கிறது.

நிலத்துக்குக் கீழே மண்டபம் அமைக்கும் வசதி நமது ஊர்களுக்கு இல்லாதிருக்கலாம். பக்கத்துக் காணியில் இன்னொரு மண்டபம் கட்டலாம். பழைய பள்ளியை ஐவேளைத் தொழுகைக்கும் பிள்ளைகள் ஓதுவதற்கும் வைத்துக்கொண்டு, ஜும்ஆவுக்குப் பெரிய மண்டபத்தைத் திறக்கலாம். இதற்குப் பணத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது, கட்டட வரைஞரிடம் "இதை வைத்துக்கொண்டு வரையுங்கள்" என்று சொல்லும் ஒரு வாய். பெரும்பாலான கூட்டங்களில் அந்த வாய்தான் இல்லை.

காசு எங்கே போகிறது?

சீமெந்துக் கட்டடம் மலிவு என்ற எண்ணத்தை 2022ஆம் ஆண்டு தகர்த்துவிட்டது. அதற்கு முந்திய வருடம் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை, நெருக்கடி முற்றிய 2022இல் மூவாயிரம் ரூபா வரை ஏறியது. கம்பி, டைல்ஸ், அலுமினியம் எல்லாமே டொலருக்குக் கட்டுப்பட்டவை. பாதியில் நின்ற பள்ளிக் கட்டடங்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்தது பல ஊர்களில் நாம் கண்ட காட்சி. பழையதை முதல் வருடமே இடித்துவிட்டதால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை; தகரக் கொட்டிலில் தொழுதார்கள்.

உள்ளூர்ப் பொருளில் செலவே இல்லை என்று சொல்ல வரவில்லை. பலா மரம் விலை கூடியது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா மரத்தை அனுமதியின்றி வெட்டவும் முடியாது. நல்ல ஓடு தேட வேண்டும். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த மேசன்மார் அருகிவிட்டார்கள். ஆனால் பழுது பார்ப்பதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பழைய கூரையின் மரமும் ஓடும் முழுவதும் கெட்டுப்போவதில்லை. கழற்றித் தெரிந்தெடுத்தால் பெரும்பகுதி திரும்பப் பாவிக்கக்கூடியதாக இருக்கும். வேலையைப் பகுதி பகுதியாகச் செய்யலாம். இந்த வருடம் கூரை, அடுத்த வருடம் சுவர். காசு முடிந்தால் நிறுத்தலாம், தொழுகை நிற்காது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். சீமெந்துக்கும் டைல்ஸுக்கும் கொடுக்கும் காசு ஊரைவிட்டே போய்விடுகிறது. சுண்ணாம்புக்கும் ஓட்டுக்கும் தச்சு வேலைக்கும் கொடுக்கும் காசு ஊரைச் சுற்றியே ஓடும். திகன, மாத்தளைப் பக்கங்களில் நிலத்தடியில் கிடப்பது சுண்ணாம்புக் கல்லும் தொலமைட்டும். சூளைகள் இருந்த, இருக்கிற பிரதேசம் அது. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு முச்சக்கர வண்டிக்கு லீசிங் தேடும் நமது பையன்களில் நாலுபேர் ஒரு பழைய பள்ளிவாசலின் திருத்த வேலையில் இரண்டு வருடம் நின்றால், அழிந்துகொண்டிருக்கும் தொழிலொன்று அவர்கள் கைக்கு வரும். பழைய விகாரைகளுக்கும் வளவுகளுக்கும் ஹோட்டல்களுக்கும் அந்தக் கைவேலை தேவைப்படுகிறது. ஸதகத்துல் ஜாரியா என்று சொல்லும்போது கட்டடத்தை மட்டும் எண்ணுகிறோம். கற்றுக்கொடுத்த தொழிலும் பயன்தரும் கல்விதானே?

இழப்பது எதை?

இந்த விவாதத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதுவது இனித்தான் வருகிறது.

இந்நாட்டின் தொல்பொருட் சட்டம் 1940ஆம் ஆண்டில் வந்தது. 1815 மார்ச் 2க்கு முற்பட்டதைத்தான் அது தொல்பொருள் என வரையறுக்கிறது. கண்டி ஒப்பந்தம் மகுல் மடுவையில் வாசிக்கப்பட்ட நாள் அது. கண்டி அரசு நிலவிய காலத்திலேயே நாம் இங்கு இருந்தோம் என்பதைக் கலாநிதி லோர்னா தேவராஜா போன்ற வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மேடைகளில் அதை எடுத்துச் சொல்கிறோம். ஆயிரம் வருடத்து உறவு என்கிறோம், அரசர் காணி தந்தார் என்கிறோம். கேட்பவன் "எங்கே, காட்டு" என்று சொன்னால் எதைக் காட்டுவோம்? இருபது வருடத்துக்கு முன் கட்டிய குவிமாடத்தையா? திறப்புவிழாக் கல்லில் பொறித்த அமைச்சரின் பெயரையா?

2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் பள்ளிவாசல்களும் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 2019 ஏப்ரலுக்குப் பின் நம்மைச் சந்தேகத்தோடு பார்க்கும் கண்கள் பெருகின. நேற்று அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று நம்மைப் பற்றிச் சொல்லப்பட்டது. அது பொய். ஆனால், அந்தப் பொய்க்கு எதிரான சாட்சிகளை யார் அழித்தார்கள்? தீ வைத்தவர்கள் சிலவற்றை அழித்தார்கள். அவர்களுக்குப் பல வருடங்களுக்கு முன்பே ரசீதுப் புத்தகம் அடித்து, பிஸ்மி சொல்லி, நாமே பலவற்றை அழித்திருக்கிறோம். ஊரின் கூரையைப் போட்டிருந்த நூற்றாண்டுப் பள்ளியை இடித்துவிட்டு, படத்தில் பார்த்த வேறு நாட்டுத் தோற்றத்தைக் கொண்டுவந்து வைத்தோம். அதைச் செய்தபோது, நாம் இந்த மண்ணைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்த மௌனச் சாட்சியை நாமே விரட்டினோம்.

பழைய கூரை இருந்திருந்தால் கலவரக்காரன் தீ வைத்திருக்க மாட்டான் என்று நான் சொல்லவில்லை. வெறி கொண்டவன் கூரையைப் பார்ப்பதில்லை. நான் சொல்வது நமது பிள்ளைகளைப் பற்றியது. வரலாற்றுப் பாடத்தில் கண்டி இராச்சியம் வரும்போது நமது வகுப்பறைகளில் ஒரு விலகல் தெரிகிறது. அது வேறு யாருடையதோ கதை என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். தாம் ஓதும் பள்ளியின் தூணும் எம்பெக்கவின் தூணும் ஒரே தொழில்மரபில் வந்தவை என்று கையால் தொட்டுக் காட்ட முடிந்தால், அந்த விலகல் இருக்காது. பாடப்புத்தகத்தால் முடியாததை ஒரு தூண் செய்யும்.

மற்றவர்கள் தமது இழப்பை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 1998 ஜனவரி 25ஆம் திகதி தலதா மாளிகையின் வாயிலில் குண்டு வெடித்தது. உயிர்கள் போயின, முகப்பும் கூரையும் கற்சிற்பங்களும் சிதைந்தன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம் என்று எவரும் சொல்லவில்லை. கல்லில் செதுக்கத் தெரிந்தவர்களும் மரவேலை தெரிந்தவர்களும் அழைக்கப்பட்டார்கள். சிதைந்தவை பழைய முறையிலேயே திருத்தப்பட்டன. பூச்சு உதிர்ந்த சுவர்களில் முந்திய காலத்து ஓவியங்கள்கூட வெளிப்பட்டன. புல்டோசர் வந்திருந்தால் அவை தூசியாகப் போயிருக்கும். நமது பழைய பள்ளிகளின் சுவர்ப் பூச்சுக்குப் பின்னே, உத்தரங்களின் மேலே, மிம்பரின் அடியில் என்னென்ன எழுத்தும் திகதியும் இருந்தன? லொறியில் ஏற்றிப் பள்ளத்தில் கொட்டியவர்களுக்கும் தெரியாது, நமக்கும் இனித் தெரியப்போவதில்லை.

இந்தப் பிணி நமக்கு மட்டும் வந்ததன்று என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதினார். பழைய விகாரைகளைப் பராமரிக்காமலும், திருத்துகிறோம் என்று சொல்லி அலங்கோலப்படுத்தியும், கைவினைஞரை மறந்தும் போகிறீர்கள் என்பதே அவரது முறையீடு. 1908இல் அவரது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூல் வெளிவந்தது. அவர்கள் அந்தக் கண்டனத்தைக் காலம் தாழ்த்தியாவது காதில் வாங்கினார்கள். நமக்கு அப்படி எழுதிய குமாரசுவாமி இல்லை. எழுதக்கூடியவர்கள், அதாவது இவ்விதழைப் படிக்கும் கவிஞர்களும் கதாசிரியர்களும் விமர்சகர்களும், இதைப் பள்ளி நிர்வாகத்தின் விடயம் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். நமது சிறுகதைகளில் பழைய பள்ளியும் ஹௌழும் ஓட்டுக் கூரையும் ஏக்கத்தோடு வருகின்றன. அதே எழுத்தாளர் தமது ஊர்க் கூட்டத்தில் இடிப்பதற்குக் கை உயர்த்துகிறார்.

செய்ய வேண்டியவை

கண்டித்துவிட்டு மட்டும் போவது முறையல்ல.

முதலாவது, எந்தப் பழைய பள்ளியையும் மத்ரஸாவையும் தொடுவதற்கு முன் அதை அளந்து வரைய வேண்டும், படம் பிடிக்க வேண்டும். எழுத்துக்களையும் திகதிகளையும் பிரதி எடுக்க வேண்டும். இதற்கு நிபுணர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உயர்தர வகுப்பு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் ஒரு விடுமுறையில் செய்து முடிக்கலாம்.

இரண்டாவது, 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர்கள் பாதுகாவலர்களே அன்றி உரிமையாளர்கள் அல்லர். வக்பு செய்தவர் கொடுத்ததைக் காப்பது அமானிதம். பழைய கட்டடத்தை இடிக்கும் யோசனை வந்தால், திருத்த முடியாது என்பதற்கான எழுத்து மூலமான காரணத்தை வக்பு சபை கேட்க வேண்டும். திருத்தினால் ஆகும் செலவும் இடித்துக் கட்டினால் ஆகும் செலவும் பக்கத்தில் பக்கத்தில் ஜமாஅத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, வெளிநாட்டு உதவியோ தனவந்தரின் கொடையோ வரும்போது, நிபந்தனையை நாம் சொல்ல வேண்டும். வரைபடத்தோடு சேர்ந்து வரும் காசு இனாமன்று.

நான்காவது, சுண்ணாம்பு வேலையும் ஓட்டுக் கூரை வேலையும் தெரிந்த வயோதிபர்கள் சிங்களக் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து நமது பள்ளியில் வேலை கொடுப்போம். நமது பையன்களை அவர்களுக்குக் கையாளாக விடுவோம். ஐந்து வருடத்து நல்லிணக்கச் செயலமர்வுகள் செய்யாததை ஒரு கூரை வேலை செய்யும்.

ஐந்தாவது, ஒவ்வொரு நோன்புக்கு முன்பும் பள்ளிக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். ஜென்னே மக்கள் வருடத்தில் ஒருநாள் ஊர் கூடிச் செய்வதை, அக்குறணையிலும் கல்ஹின்னையிலும் செய்ய முடியாதா? பராமரிப்பு இருந்தால் புனரமைப்பு தேவைப்படாது, இடிப்பதற்குச் சாட்டும் கிடைக்காது.

இன்னும் சில பள்ளிகள் நிற்கின்றன. சிலவற்றுக்கு ரசீதுப் புத்தகம் அச்சாகிவிட்டது. அந்தப் புத்தகத்தோடு உங்கள் வீட்டு வாசலுக்கு வருபவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். காசைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு கேள்வியையும் கேளுங்கள்: "இது திருத்தவா, இடிக்கவா?" பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.